மினிமலிச இணைய வடிவமைப்பு: நீக்கியவை எங்கே போகின்றன?

2012ஆம் ஆண்டு அக்டோபரில் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு வடிவமைப்புகள் மக்களின் பயன்பாட்டுக்கு வந்தன. 17ஆம் தேதி பிரிட்டன் அரசு, டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்னும் தன் இரண்டு பழைய இணையதளங்களை விலக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் கவ்.யூகே என்ற ஒரே தளத்தை நிறுத்தியது. 26ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 8 இயங்குதளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று இணையதளம், மற்றொன்று கணினியின் இயங்குதளம் என்றாலும், அலங்காரங்களைக் களைந்து, தட்டையான நிறங்களையும் பெரிய எழுத்துகளையும் நம்பி நின்றது இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. முதலாவது, அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ‘ஆண்டின் சிறந்த வடிவமைப்பு’ விருதைப் பெற்றது. இரண்டாவதிலிருந்து நீக்கப்பட்ட ஸ்டார்ட் பொத்தானை, ஓராண்டு கழித்து வந்த 8.1 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் மறுபடியும் திரையின் மூலையில் வைக்க நேர்ந்தது.

ஒரே போக்கு ஓரிடத்தில் பாராட்டையும் இன்னோரிடத்தில் எரிச்சலையும் விளைவித்தது ஏன் என்று ஆராய்ந்தால், மினிமலிசத்தின் பலமும் குறையும் பெருமளவு விளங்கிவிடும்.

மினிமலிசம் என்பது, ஒரு பக்கத்தின் நோக்கத்துக்கு உதவாத எதையும் அந்தப் பக்கத்தில் வைக்காமல் இருக்கும் அணுகுமுறை. அதைப் பின்பற்றிய தளங்களைச் சில வெளி அடையாளங்களால் கண்டுகொள்ளலாம்: தாராளமான வெற்றிடம், ஒன்றிரண்டு நிறங்கள், ஒரே எழுத்துருக் குடும்பம், நிழல் இல்லாத தட்டைப் பொத்தான்கள், மூன்று கோட்டுக் குறிக்குள் அடங்கிய மெனு, திரைக்கு ஒரு செய்தி. ஆனால் இவை அணுகுமுறையால் விளைந்தவையே தவிர, அணுகுமுறை ஆகிவிடமாட்டா. மினிமலிசத்தின் பெயரால் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, எதை நீக்குவது என்ற சிந்தனையை விட்டுவிட்டு இந்த அடையாளங்களை மட்டும் நகலெடுப்பதால் வருபவை என்பது என் கருத்து.

இந்தச் சிந்தனை இணையத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. 1950களில் சுவிட்சர்லாந்தின் அச்சு வடிவமைப்பாளர்கள் கட்டக் கோடுகளையும் அலங்கார முனையற்ற எழுத்துகளையும் வெற்றிடத்தையும் கொண்டே சுவரொட்டிகளை அமைத்தார்கள். ஹெல்வெடிக்கா எழுத்துரு 1957இல் அந்தச் சூழலில் உருவானதுதான். அதே காலத்தில் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்தில் வானொலிப் பெட்டிகளையும் வீட்டுக் கருவிகளையும் வடிவமைத்த டீட்டர் ராம்ஸ், பின்னாளில் நல்ல வடிவமைப்புக்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தார். வடிவமைப்பு இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் பத்தாவது. மினிமலிசத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அதன் வடிவமே புரியவைக்க வேண்டும் என்பது நான்காவது. வடிவமைப்பு நேர்மையாக இருக்க வேண்டும் என்பது ஆறாவது. இவ்விரண்டும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

இணையத்தில் இது பெருவழக்கானதற்குக் கைப்பேசி முக்கியக் காரணம். ஒரே பக்கம் எல்லா அளவுத் திரைகளுக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ளும் ‘ரெஸ்பான்சிவ்’ முறையை 2010இல் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் விளக்கி எழுதினார். அவ்வாறு பொருத்துவதற்கு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கத்தக்க எளிய பகுதிகள்தாம் ஏற்றவை. 2013 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7, நாள்காட்டிச் செயலியில் வரைந்திருந்த தோல் தையலையும் இதழ்களுக்கான நியூஸ்ஸ்டாண்டில் வரைந்திருந்த மர அலமாரியையும் ஒரேயடியாகத் தூக்கி எறிந்தபோது, தட்டை வடிவமைப்பு என்பது புதுமையின் முத்திரையாகவே ஆகிவிட்டது. பொத்தான்களைச் சுற்றியிருந்த எல்லைகளும் அப்போது கூடவே போயின. சுமார் ஆறு மாதத்தில் வந்த 7.1 பதிப்பில், பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் ஒரு தெரிவை அணுகல் வசதிகளுக்கான அமைப்புகளுக்குள் ஆப்பிள் சேர்த்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி பலங்களுக்கு வருவோம். கவ்.யூகேயை உருவாக்கியவர்கள் முதலில் குறைத்தது நிறங்களையோ படங்களையோ அல்ல, உள்ளடக்கத்தை. அரசால் மட்டுமே செய்யக்கூடியதை மட்டுமே அரசுத் தளம் செய்ய வேண்டும் என்பதைத் தங்கள் கொள்கைகளில் ஒன்றாக அவர்கள் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு பக்கமும் மக்களின் எந்தத் தேவைக்கு விடையளிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அந்தப் பக்கத்துக்கு இடம். பொது விடுமுறை நாள்களுக்கான பக்கம் இதற்கு நல்ல சான்று. அந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு, அடுத்த விடுமுறை எப்போது என்பதுதான் தெரிய வேண்டும். எனவே அந்தத் தேதி மேலே பெரிய எழுத்தில் நிற்கிறது. முழுப் பட்டியல் அதன்கீழ் வருகிறது. விடுமுறைகளின் வரலாறோ, அமைச்சரின் வாழ்த்துச் செய்தியோ, ஓடும் படங்களோ இல்லை. வந்தவர் விடையை எடுத்துக்கொண்டு உடனே போய்விடலாம். ஓர் அரசுத் தளத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை.

இதே தளம் எவற்றை நீக்காமல் வைத்திருக்கிறது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. இணைப்புகள் நீல நிறத்தில், அடிக்கோட்டுடன் இருக்கின்றன. முக்கியப் பொத்தான் பச்சை நிறத்தில், அடியில் கரும்பச்சைக் கரையுடன், அழுத்தத்தக்க ஒரு பொருளைப் போலவே தோன்றுகிறது. படிவங்களின் உள்ளீட்டுக் கட்டங்களுக்குத் தடித்த கறுப்பு எல்லை உண்டு. பிறந்த தேதியைக் கேட்கும் இடத்தில் ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்ட மூன்று கட்டங்களும், நிரப்பும் விதத்தைக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டும் இருக்கும். எண்ணிக்கையில் பார்த்தால் இது கூடுதல். ஆனால் நாளை முதலில் எழுதுவதா மாதத்தை முதலில் எழுதுவதா என்று நிரப்புபவர் தயங்க வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், பயனரின் வேலையைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

மற்றப் பலங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தெரிவுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் ஹிக் 1952இல் சோதனை வழியே காட்டினார். பத்துப் பொத்தான்கள் உள்ள பக்கத்தைவிட இரண்டே உள்ள பக்கத்தில் கை விரைவாக நகரும். வரிகளைச் சுற்றி வெற்றிடம் இருந்தால் நீண்ட கட்டுரையை வாசிப்பது எளிது. திருத்த வேண்டிய பகுதிகள் குறைவாதலால், சிறிய குழுவோ தனியொருவரோ தளத்தைப் பல ஆண்டுகள் பராமரிக்க முடியும்.

வேகத்தை இந்த வரிசையில் சேர்ப்பதில் எச்சரிக்கை தேவை. எளிய தோற்றமுள்ள பக்கம் எடை குறைந்த பக்கமாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். முழுத் திரையையும் நிரப்பும் ஒற்றைப் புகைப்படமும் அதன்மேல் நான்கு சொற்களும் மட்டுமே கொண்ட ஒரு முகப்பு, கண்ணுக்கு மிக எளிமையானது. அந்தப் புகைப்படம் சுருக்கப்படாமல் இருந்து, அதனுடன் அசைவுகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளும் சேர்ந்துவிட்டால், அது பல மெகாபைட் எடைக்குப் போய்விடும். நூற்றுக்கணக்கான இணைப்புகளை நெருக்கமாக அடுக்கிய பழைய பாணி எழுத்துப் பக்கம் அதில் சிறு பங்குகூட எடை இல்லாமல் இருக்கலாம். குறைந்த டேட்டா வைத்திருக்கும் வாசகருக்கு எந்தப் பக்கம் எளிமையானது என்பது சொல்லாமலே விளங்கும்.

குறைகளில் முதன்மையானது, எது அழுத்தத்தக்கது, எது வெறும் எழுத்து என்பதைக் காட்டும் குறிப்புகள் மறைந்துபோவது. நிழல், மேடு, எல்லைக்கோடு, அடிக்கோடு ஆகியவை வெறும் ஒப்பனையாகத் தோன்றலாம். உண்மையில் அவை ‘இங்கே அழுத்தலாம்’ என்று சொல்லாமல் சொல்லும் தகவல்கள். பயன்பாட்டு எளிமையை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2017இல் 71 பேரைக் கொண்டு, கண்ணின் நகர்வைப் பதிவு செய்யும் கருவியால் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரே பக்கத்தின் இரு வடிவங்களில், இத்தகைய குறிப்புகள் வலுவிழந்திருந்த வடிவத்தைப் பார்க்க மக்கள் 22 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தை ரசித்ததால் கூடிய நேரம் அன்று அது. தேவையானதைத் தேடியதால் கூடியது.

செயலிகளுக்கும் தளங்களுக்குமான கூகுளின் வடிவமைப்பு விதித் தொகுப்பான மெட்டீரியல் டிசைனும் இதே பாடத்தைக் கற்க நேர்ந்தது. 2014இல் அது அறிமுகமானபோது, படிவத்தில் எழுத வேண்டிய இடத்துக்கு அடியில் ஒற்றைக் கோடு மட்டுமே இருந்தது. பார்வைக்கு நேர்த்தியான அந்தக் கோட்டைப் பக்கத்தைப் பிரிக்கும் கோடாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் 600 பேரளவில் பங்கேற்ற ஆய்வுகளை நடத்திப் பார்த்துவிட்டு, நான்கு பக்கமும் அடைத்த கட்டத்துக்கே அந்தத் தொகுப்பு திரும்பியது. காகிதப் படிவங்கள் நெடுங்காலமாகக் கட்டம் போட்டு வந்தது காரணமில்லாமல் அல்ல.

மூன்று கோட்டு மெனுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நார்ம் காக்ஸ் என்பவர் 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்த குறி அது. இடநெருக்கடியுள்ள கைப்பேசித் திரைகளில் மறுபிறவி எடுத்தது. கைப்பேசியில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அகலமான கணினித் திரையில், இருபுறமும் வெற்றிடம் பரந்து கிடக்கையில், ஐந்தே இணைப்புகளை அதற்குள் ஒளித்துவைப்பதற்கு என்ன நியாயம்? நீல்சன் நார்மன் குழுமம் 2016இல் 179 பேரைக் கொண்டு இதையும் சோதித்தது. கணினியில் மெனு மறைந்திருந்தபோது 27 சதவீதச் சந்தர்ப்பங்களில்தான் மக்கள் அதைத் திறந்தார்கள். வெளிப்படையாக இருந்தபோது அந்த விகிதம் பாதியை நெருங்கியது. கண்ணில் படாததைத் தேடிப்போய்த் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. விண்டோஸ் 8 தடுமாறியதும் இதே இடத்தில்தான். கணினியை அணைக்க விரும்புபவர், மவுஸைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து வெளிப்படும் பட்டையில் அமைப்புகளைத் திறந்து, அதற்குள் பவர் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த மூலையில் ஏதோ இருக்கிறது என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லை.

அடுத்த குறை சாம்பல் நிற எழுத்து. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பலில் மெலிந்த எழுத்துகளை இடுவதில் வடிவமைப்பாளர்களுக்கு ஏன் இத்தனைப் பிரியம் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. குறைபாடுள்ளவர்களும் தளங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரநிலை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பலரும் விரும்பிப் பயன்படுத்தும் #999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளையின்மேல் 2.85:1 மட்டுமே தரும். #767676 என்று சற்றே இருண்ட சாம்பலுக்குப் போனால் எல்லையைத் தாண்டிவிடலாம். இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கணினி நிரலால் சோதித்து வருகிறது. 2024இல் அவற்றில் 81 சதவீதப் பக்கங்களில் இந்த விகிதத்தை எட்டாத எழுத்துகள் இருந்தன. பாதிக்கப்படுபவர்கள் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமல்லர். நாற்பது வயதைக் கடந்தவர்களும், உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசியைப் பார்ப்பவர்களும் இதில் அடங்குவர். கீபோர்டு வழியாகவே தளத்தைப் பயன்படுத்துவோருக்கு, தாம் எந்த இணைப்பில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் வளையத்தை, அழகைக் கெடுக்கிறது என்று ஒரே வரிக் கட்டளையால் நீக்கிவிடுவதும் இந்த வகையில் சேரும். வளையம் போனபின் அவர்களுக்கு அந்தப் பக்கம் இருட்டறைதான்.

எல்லாப் பக்கங்களும் குறைவாகத்தான் இருக்க வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. இரயில் பயணச்சீட்டு எடுக்க வருபவர், எட்டு வண்டிகளின் நேரத்தையும் வகுப்பையும் கட்டணத்தையும் மீதமுள்ள இடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். திரைக்கு ஒரு வண்டியாக, அழகான அட்டைகளில் காட்டினால், முந்தைய ஏழையும் அவர் நினைவில் சுமந்துகொண்டே நகர வேண்டியிருக்கும். அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் மிளகும் வெந்தயமும் நெருக்கமாக இருந்தாலும், மூடியைத் திறந்தவுடன் எல்லாம் ஒருசேரக் கண்ணில் படுவதால்தான் தாளிக்கும்போது கை தடுமாறுவதில்லை. ஒப்பிடும் வேலைக்கான பக்கமும் அப்படித்தான் அமைய வேண்டும். அங்கே தேவைப்படுவது குறைப்பு அன்று, ஒழுங்கு.

ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் தன் கணினித் தோற்றத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் மாற்றியபோது எழுந்த சர்ச்சையும் இதை ஒட்டியதுதான். மிக நீண்ட வரிகளில் கண் அடுத்த வரியைத் தவறவிடும் என்பதால், கட்டுரையின் அகலத்தைக் குறைத்தார்கள். வாசிப்புக்கு அது நல்லதே. ஆனால் அகன்ற அட்டவணைகளோடும் நிலப்படங்களோடும் பழகிய தொகுப்பாளர்கள், இருபுறமும் வீணாகக் கிடக்கும் வெள்ளையைக் கண்டு கொதித்தார்கள். முழு அகலத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு பொத்தான் அந்தத் தோற்றத்தில் இடம்பெற்றிருக்கிறது. வாசிக்க வருபவருக்கும் வேலை செய்ய வருபவருக்கும் ஒரே அளவு வெற்றிடம் பொருந்தாது என்பதை அந்தச் சிறு பொத்தான் ஒப்புக்கொள்கிறது.

குறைப்பதால் நன்மை யாருக்கு என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கூகுள் தேடலில் விளம்பரங்களுக்கு ஒரு காலத்தில் தனிப் பின்னணி நிறம் இருந்தது. பின்னர் அது போய், விளம்பரம் என்று குறிக்கும் சிறு மஞ்சள் பெட்டி வந்தது. 2016இல் பெட்டி பச்சையானது. 2020 ஜனவரியில் கணினித் திரையில் வெறும் கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு படியும் பக்கத்தைத் தூய்மையாக்கியது என்று வாதிடலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் விளம்பரத்துக்கும் தேடல் முடிவுக்கும் உள்ள வேறுபாடு மங்கியது. 2020 மாற்றத்துக்குப் பலத்த எதிர்ப்பு எழவே, அதை மீண்டும் பரிசீலிப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ராம்ஸின் ஆறாவது கொள்கையைத் தொட்டுச் செல்லும் இடம் இது.

கணினியில் வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டெஸ்லர், இவை அனைத்தையும் விளக்கும் ஒரு விதியை 1980களில் முன்வைத்தார். எந்தச் செயலிலும் ஓரளவு சிக்கல் உள்ளார்ந்து இருக்கிறது. அதை அழிக்க முடியாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றத்தான் முடியும். அடுத்த விடுமுறை எது என்று கண்டறியும் வேலையைக் கவ்.யூகே நிரலாளர்கள் ஏற்றுக்கொண்டதால் மக்களின் வேலை குறைந்தது. பொத்தானை மறைத்த விண்டோஸ் 8, அதைத் தேடும் வேலையை மக்களிடம் தள்ளியது. எனவே தம் பக்கத்திலிருந்து ஒன்றை நீக்குமுன், அது இதுவரை செய்துவந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்று தொடக்கநிலை வடிவமைப்பாளர் கேட்டுக்கொள்ளலாம். ‘யாரும் செய்ய வேண்டியதில்லை’ என்றோ ‘நிரல் செய்யும்’ என்றோ விடை வந்தால் தயங்காமல் நீக்கலாம். ‘பயனர் பழகிக்கொள்வார்’ என்று வந்தால் அதை விட்டுவைப்பதே நல்லது.

தமிழில் தளம் அமைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இன்றைய மினிமலிச வார்ப்புருக்கள் (ஆயத்தப் பக்க அமைப்புகள்) பெரும்பாலும் ஆங்கிலத்தின் குட்டைச் சொற்களை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டவை. ‘லாகின்’ என்பதற்கு ஒதுக்கிய இடத்தில் ‘உள்நுழைக’ என்பது பிதுங்கும், ‘அறிவிப்புகள்’ என்பது இரண்டாக உடையும். அப்போது சொல்லை நீக்கிவிட்டு வெறும் குறியை வைக்கும் ஆசை வரும். பொத்தானை அகலப்படுத்துவதே சரியான வழி. மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும், குறில் ‘கி’க்கும் நெடில் ‘கீ’க்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு வளைவில் அடங்கியிருப்பதால், மெலிந்த சாம்பல் எழுத்தில் அது முதலில் அழிகிறது. மேலே இகரக் குறிகளும் புள்ளியும், கீழே உகரக் குறிகளும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாகத் தெரியும். வார்ப்புருவின் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், உலாவி தன்னிடம் உள்ள வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். அளவும் தடிமனும் அதோடு மாறிப்போகும். எனவே தமிழ் வடிவத்தைத் தனியாக, உண்மையான தலைப்புகளையும் உண்மையான பொத்தான் சொற்களையும் இட்டு, விலை குறைந்த ஒரு கைப்பேசியில், முடிந்தால் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு நிறத்தையும் தடிமனையும் இடைவெளியையும் முடிவு செய்ய வேண்டும்.